மூன்று பெட்டியும் ஒரு துத்துப் கோட்டும்

சீமைக்குக் கப்பல் ஏறுகிறவனுக்கு எத்தனை சட்டை வேண்டும் என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. கப்பல் ஏறப் போகிறவனே நான்தான். அப்போதும் கேட்கவில்லை. என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டு, நான் எதை உடுத்த வேண்டும் என்று ஆள் ஆளுக்கு முடிவு செய்தார்கள். இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆற்றங்கரைப் பக்கம் அந்தக் காலத்தில் ஒரு பெரிய சலவைக் கொட்டகை இருந்தது. அது என்னுடையது. கிள்ளான் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டே வருஷம் படித்தவன் நான். எழுத்துக் கூட்டிப் படிக்க அங்கே கற்றேன். மிச்சமெல்லாம் தண்ணீரில் நின்று கற்றது. ஒரு துவைகல், துணியை ஆவியில் அவிக்க ஒரு வெள்ளாவிப் பானை, இரண்டையும் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். எவனும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. நான் சொல்கிற காலத்தில் பதினான்கு பேர் என்னிடம் வேலை பார்த்தார்கள். ரயில்வே துரைமார் சட்டை, தோட்டத்துத் துரைமார் கால்சட்டை, கிளப்பு மேசைவிரிப்பு எல்லாம் என் கயிற்றில்தான் காய்ந்தன. 'வெளுக்கிறவன்' என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் உண்டு. சொல்லட்டும். சொன்னவர்களின் வேட்டியும் என்னிடம்தான் வந்தது.

துணியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த டவுனில் வேறு யாருக்கும் தெரியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, உண்மை அதுதான். துரைமார் லீவில் சீமைக்குப் போகும்போது அவர்கள் துணியை நான்தான் தேய்த்து மடித்துக் கொடுப்பேன். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்ததும் மொத்தமும் மறுபடி என்னிடம் வரும். அவிழ்த்துப் பார்ப்பேன். பாதிச் சட்டையில் நான் போட்ட மடிப்பு அப்படியே இருக்கும். தொடவே இல்லை. கடல் தாண்டிப் போய், கடல் தாண்டி வந்து, ஒரு நாள்கூட உடம்பில் ஏறாமல் வந்திருக்கும். இன்னொரு பக்கம் ஒரே ஒரு நீலக் கோட்டு முழங்கை தேய்ந்து, பித்தான் மாற்றி, நாலு நாட்டுப் புழுதியோடு வரும். எது உதவியது, எது சும்மா பாரம் என்று அந்தத் துரைக்கே தெரியாது. எனக்குத் தெரியும். இருபது வருஷம் இப்படிப் பார்த்திருக்கிறேன்.

நான் சீமைக்குப் போக வேண்டி வந்தது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி கோலாலம்பூரில் நீராவிச் சலவைக்கூடம் வைக்கப் போகிறது என்று பேச்சு கிளம்பியது. வைத்துவிட்டால் கிளப்பு விரிப்பெல்லாம் அங்கே போய்விடும். என் கொட்டகையில் பதினான்கு பேருக்கும் அடுப்பு எரியாது. அவர்களுக்கு முன்னால் அந்த மிஷினை நான் கொண்டுவர வேண்டும். மிஷின் செய்கிற தொழிற்சாலை இங்கிலாந்தின் வடக்கே இருந்தது. கடிதம் எழுதிக் கேட்டோம். முன்பின் தெரியாதவருக்கு விற்பதில்லை, நேரில் வந்து பேசினால் யோசிப்போம், இன்ன தேதிக்கு வரலாம் என்று பதில் வந்தது. அந்த ஒரு நாளுக்காகத்தான் அவ்வளவு தூரம். அன்றைக்கு என்னை உள்ளே விட்டு உட்காரவைத்துப் பேசினால் மிஷின் உண்டு. வாசலோடு அனுப்பிவிட்டால் இல்லை.

எழுதினோம் என்றேனே, எழுதியது நான் அல்ல. எங்கள் தெருக்கோடியில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். ரயில்வே ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் எழுதினால் துரை எழுதியதுபோல் இருக்கும். அந்த உதவியை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு கடிதம் எழுதிக் கொடுத்ததற்கு ஒரு மனிதன் என் இடுப்புத் துணி வரைக்கும் அதிகாரம் பண்ணலாமா?

ஒரு நாள் காலையில் கையில் கனமான புத்தகத்தோடு வந்தார். லண்டன் கடை ஒன்றின் படம் போட்ட விலைப்புத்தகம். அதில் கப்பல் பயணிக்கு என்று ஒரு பக்கம். அதைப் பார்த்து நாற்பத்தொரு சாமானுக்கு லிஸ்டு எழுதியிருந்தார். வாசித்தார். காலையில் ஒரு உடுப்பு, மத்தியானம் தேநீருக்கு ஒன்று, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கறுப்புக் கோட்டு, தளத்தில் உலாவ ஒன்று, மழைக்கு ஒன்று, ஆறு சோடி கையுறை.

"ஐயா, கையுறை எனக்கு எதுக்குங்க?" என்றேன்.

"உம்மட கையைப் பாரும்" என்றார். "காரத் தண்ணியில ஊறின கை. அதை நீட்டியோ துரையோட கை குலுக்கப் போறீர்?"

கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். என் மனைவி அடுப்படிக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ரெண்டு கோட்டு, மூணு கால்சட்டை, நாலு சட்டை போதும்யா. எல்லாம் நீலமும் கருஞ்சாம்பலுமா இருந்தா எந்தக் கோட்டுக்கும் எந்தக் கால்சட்டையும் சேரும். ஒரே பெட்டியில அடங்கிடும்."

"நீர் சீமைக்குப் போறீர் காணும். கிள்ளான் சந்தைக்கில்லை."

"ஐயா சீமைக்குப் போயிருக்கீங்களா?"

"போனாத்தானோ தெரிய வேணும்? புத்தகத்தில இருக்குது."

"நான் போனவங்க துணிய இருபது வருஷமா வெளுக்குறேன்யா."

"வெளுக்கிறது வேற, உடுக்கிறது வேற" என்றார். சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தார். என் காப்பி!

இந்த இடத்தில் என் மனைவி என் பக்கம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. "ஏங்க, ஊருக்கெல்லாம் வெளுத்துக் குடுக்குறோம். நீங்க ரெண்டு கோட்டோட போய் நின்னா நம்மகிட்ட துணியே இல்லன்னு நினைக்க மாட்டாங்களா? அவர் படிச்சவரு, சொன்னா கேளுங்களேன்" என்றாள். படித்தவர்! அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டே என் ஆயுள் பாதி போய்விட்டது.

நான் சும்மா சொல்லவில்லை, சோதித்துப் பார்த்துத்தான் சொன்னேன். தையற்கடைச் சீனரிடமிருந்து ஏழெட்டுத் துணியில் கையளவு துண்டு வாங்கி வந்திருந்தேன். ஒவ்வொன்றையும் வாளியில் நனைத்துப் பிழிந்து, சுருட்டி, பாய்க்கு அடியில் வைத்து அதன் மேலேயே படுத்தேன். காலையில் எடுத்து உதறினேன். வெள்ளை டிரில் துணி கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருந்தது. லினன் அதைவிட மோசம். சாம்பல் பிளானல் நீர் வாங்கித் தொங்கியது. கருநீல செர்ஜு கம்பளி மட்டும் ஒரு உதறலில் நிமிர்ந்தது. அதிலே ஒரு சுருக்கம் இருந்தாலும் வெந்நீர் ஆவி படும் இடத்தில் மாட்டினால் தானாகப் போய்விடும். அழுக்கு காட்டாது. குளிருக்கும் ஆகும். அந்தத் துணியில் எனக்கு ஒரு துத்துப் கோட்டு தைக்கச் சொல்லியிருந்தேன்.

துத்துப் கோட்டு என்றால் அந்த நாளில் மலாயாவில் எல்லோருக்கும் தெரியும். கழுத்துவரை பித்தான் போட்டு மூடிக்கொள்ளும் கோட்டு. துரைமாரும் கிராணிமாரும் வெள்ளை டிரிலில் போடுவார்கள். உள்ளே சட்டை வேண்டாம், காலர் வேண்டாம், டை வேண்டாம். ஒரு பனியன் போதும். ஒரு கோட்டு நாலு சாமான் வேலையைச் செய்யும். அதை நான் கருநீலக் கம்பளியில் தைக்கச் சொன்னேன். வெள்ளையில் தவிர அதுவரை யாரும் தைத்து நான் பார்த்ததில்லை. என் மூளையில் உதித்தது அது.

தையற்காரர் அதைக் கொண்டுவந்து விரித்தபோது கிராணியார் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"இதென்ன விசர்க் கோட்டு? இதைப் போட்டுக்கொண்டு போனா உம்மைக் கப்பல் வேலைக்காரன் எண்டு நினைச்சுச் சோறு கொண்டுவரச் சொல்லுவாங்கள், கண்டீரோ?"

என் மனைவியும் சிரித்தாள். தையற்காரரும் சிரித்தார். அவருக்கு என்ன, "தவ்க்கே, கிளே சூட்டு ரொம்ப பாகுஸ்" என்று, முதலாளிக்கு அதுதான் நல்லா இருக்கும் என்ற அர்த்தத்தில், சாம்பல் பிளானல் சூட்டுக்கு ஆர்டர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் தோற்றேன். எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. பதினான்கு பேரை மேய்க்கிறவன், ஒரு லிஸ்டுக்குத் தோற்றேன். நாற்பத்தொரு சாமானும் வந்தன. மூன்று பெட்டி. இரண்டு பெரிய பெட்டியில் சீமையில் போடுவதற்கான புதுத் துணி. அவை கப்பலின் அடித்தட்டுக்குப் போய்விடும், லண்டன் போய்ச் சேரும்வரை திறக்க முடியாது. சின்னப் பெட்டியில் வழிக்கு என் பழைய துணி. அது என்னோடு அறையில் இருக்கும். துத்துப் கோட்டை அலமாரியில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார் கிராணியார். 'சரிங்கய்யா' என்றேன். அவர் போனதும் அதைச் சுருட்டித் தலையணை உறைக்குள் திணித்து, தலையணையைப் பயணப் படுக்கையோடு சேர்த்துக் கட்டினேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் கிள்ளானிலிருந்து என் அக்கா வந்தாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். வரும்போதே சின்னச் சம்புடத்தில் மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்திருந்தாள். புதுத்துணி எதுவானாலும் மூலையில் மஞ்சள் தொட்டு வைக்காமல் எங்களில் யாரும் உடுத்த மாட்டோம். அதற்கு நான் விரோதி இல்லை. ஆனால் எங்கள் தொழிலில் மஞ்சள்தான் பெரிய எதிரி. எண்ணெய் போகும், மை போகும், மஞ்சள் போகாது. சவுக்காரம் பட்டால் சிவந்து ரத்தம் மாதிரி ஆகிவிடும். வெயிலில் போட்டால் மட்டும் தானாக வெளிறும், வேறு மருந்து கிடையாது.

"அக்கா, ஒரு கைக்குட்டையில தொட்டு வை. சட்டையில வேணாம்" என்றேன்.

"ஏன்டா தம்பி, ஏழு கடல் தாண்டிப் போறவனுக்கு ஒரு கைக்குட்டைக்கு மட்டும் மஞ்சளா? கப்பல் கவுந்தா அந்தக் கைக்குட்டை மட்டும் கரையேறினா போதுமா?"

"அக்கா, சொன்னாக் கேளு!"

"கத்தாதடா. உன் தொழில நீ பாரு, என் சாமிய நான் பாக்குறேன்."

நான் கொட்டகைக்குப் போய்விட்டேன். அப்போது செய்த முட்டாள்தனத்துக்கு இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை.

மறுநாள் கோலாலம்பூர் ஸ்டேஷனில் மாலை போட்டார்கள். அந்த வெயிலில் சாம்பல் பிளானல் சூட்டு, காலர், டை. உள்ளே வேர்வை ஆறாக ஓடியது. கிராணியார் எல்லோரிடமும் "எல்லாம் நான் தெரிஞ்சு குடுத்த உடுப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரயில் கிள்ளான் தாண்டித் துறைமுகம் போய்ச் சேர்வதற்குள் நான் பாதி செத்தேன். கப்பல் ஏறி அறைக்குள் போனதும் அதைக் கழற்றி எறிந்துவிட்டுத் தலையணை உறையிலிருந்து துத்துப் கோட்டை எடுத்தேன். ஒரு உதறல். நிமிர்ந்துவிட்டது. நான் சொன்னேனே!

சின்னப் பெட்டி என்றார்களே, அது படுக்கைக்கு அடியில் போகவில்லை. இரண்டு விரல் உயரம் அதிகம். புத்தகத்தைப் பார்த்து அளவு சொன்ன மகராசர் பூட்டின் உயரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது அறை நடுவிலேயே நின்றது. கொழும்பு, ஏடன், சூயஸ், மார்சேல்ஸ் என்று கப்பல் போக, ஒவ்வொரு நாளும் அதில் முழங்கால் இடித்துக்கொண்டேன். இடிக்கும் போதெல்லாம் பிரிக்பீல்ட்ஸ் தெருக்கோடியை நினைத்து ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

சாப்பாட்டு அறையில் யாரும் என்னை எழுப்பிவிடவில்லை. இரண்டாம் வகுப்பில் பித்தான் சரியாகப் போட்டிருக்கிறானா, கால் மூடியிருக்கிறதா, அவ்வளவுதான் பார்த்தார்கள். நாலு வாரமும் துத்துப் கோட்டு ஒன்று, கால்சட்டை இரண்டு, பனியன் மூன்று. சாயங்காலம் பனியனைத் துவைத்துத் துண்டில் சுருட்டி மிதித்துப் பிழிந்தால் காலையில் காய்ந்திருக்கும். அறைக்குள் ஒரு கைலி. குளிர் வந்ததும் கோட்டுக்குள் ஒரு கம்பளிச் சட்டை. கப்பலின் சலவைக்காரனிடம் ஒன்றையும் கொடுக்கவில்லை. நான் கொடுப்பேனா? என்னோடு வந்த ஒரு தோட்டத்துத் துரை ஏழு சூட்டு கொண்டுவந்து, ஏழும் கசங்கி, கடைசியில் ஒரே நீலக் கோட்டைத்தான் மாட்டிக்கொண்டு திரிந்தார். அவரைப் பார்க்கும் போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது. அடித்தட்டில் என் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

தொழிற்சாலை இருந்த ஊருக்கு, பேசிய தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன். ஒரு விதவை நடத்திய விடுதியில் அறை எடுத்தேன். அங்கேதான் பெரிய பெட்டி இரண்டையும் திறந்தேன்.

மூடியைத் தூக்கியதும் வாசனை அடித்தது. மஞ்சள் வாசனை. புழுங்கிப் பூத்த மஞ்சள். என் அக்கா ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு சட்டையின் காலருக்கு உள்ளேயும், ஒவ்வொரு கோட்டின் மார்பிலும், கால்சட்டை இடுப்பிலும், ஈர மஞ்சளை விரலால் அழுத்தி வைத்திருந்தாள். ஈரத்தோடு அடுக்கி, பூட்டி, செங்கடல் சூட்டில் நாலு வாரம் அவித்தால் என்ன ஆகும்? ஒரு சட்டையிலிருந்து அடுத்த சட்டைக்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு இறங்கியிருந்தது. பன்னிரண்டு வெள்ளைச் சட்டையில் ஒன்றுகூடத் தப்பவில்லை. தேநீர்க் கோட்டின் மார்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. கையுறை ஆறு சோடியும் மஞ்சள் விரலோடு கிடந்தன. வெள்ளாவி வைத்ததுபோல் அவள் மஞ்சளை என் துணிக்குள் ஏற்றிவிட்டாள்.

என்னென்ன திட்டினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. அக்காவை, கிராணியாரை, மனைவியை, தையற்காரரை. ஒரே பெட்டியோடு வந்திருந்தால் துணி என் கண்ணெதிரிலேயே இருந்திருக்கும். கொழும்பிலேயே பார்த்திருப்பேன். கப்பல் தளத்தில் அத்தனை வெயில் சும்மா கிடந்ததே! நாலு நாளில் வெளிற வைத்திருப்பேன். இப்போது ஜன்னலைத் திறந்து பார்த்தால் வானம் ஊறவைத்த கம்பளி மாதிரித் தொங்குகிறது. சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை.

சாப்பிடக் கீழே போய்த் திரும்புவதற்குள் அந்த விடுதிக்காரம்மாள், பாவம், நல்ல மனசோடு, மூன்று சட்டையை எடுத்துக்கொண்டுபோய்ச் சவுக்காரம் போட்டு ஊற வைத்துவிட்டாள். சத்தம் கேட்டு ஓடினேன். தொட்டியில் காலரெல்லாம் சிவப்புச் சிவப்பாக நிற்கிறது. அந்த அம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, யாரைக் குத்திவிட்டு வந்தாய் என்பதுபோல என்னைப் பார்க்கிறாள். எனக்குத் தெரிந்தது டோபி இங்கிலீஷ். சனிக்கிழமை வரும் துரை, நாலு சட்டை துரை, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அக்காவையும் சாமியையும் மஞ்சளையும் எப்படி விளக்குவது? பெட்டியைத் திறந்து முகரச் சொன்னேன். முகர்ந்தாள். அவள் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் கப்பலில் போய் நம் மசாலாக் குழம்பு சாப்பிட்டவராம். "கறியா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, கறிதான்" என்றேன். என்ன செய்ய!

ஸ்டேஷனில் போட்ட சாம்பல் சூட்டு வேர்வையில் ஊறிச் சுருங்கிக் கிடந்தது. மிச்சம் இருந்தது நாலு வாரம் உழைத்த துத்துப் கோட்டு ஒன்றுதான். அதை அவள் அடுப்படி மேசைமேல் விரித்தேன். வினிகரும் தண்ணீரும் கலந்து கழுத்துப் பட்டியையும் முழங்கையையும் துடைத்தேன். ஈரத்துணி போட்டு, அவள் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, அழுத்தாமல் ஆவியை மட்டும் இறக்கினேன். பித்தான் ஒவ்வொன்றையும் இறுக்கித் தைத்தேன். அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். முடித்ததும் அது நேற்றுத் தைத்த கோட்டு. அவளுடைய மேசைவிரிப்பையும் தேய்த்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

பேசிய நாளில் தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். வாசற்காவலன் கோட்டை மேலும் கீழும் பார்த்தான். கப்பல் ஸ்டுவார்டு மாதிரி வேலைக்காரருக்கெல்லாம் பின்வாசல், போ என்று கையைக் காட்டினான்.

அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபம் காவலன் மேல் இல்லை. கிராணியார் மேல். அந்த மனிதர் சொன்னது பலித்துவிட்டதே என்று கோபம். கடிதத்தை எடுத்துக் காட்டினேன். படித்தான். கோட்டைப் பார்த்தான். சுவரோரம் ஒரு பலகையில் உட்கார் என்றான். உட்கார்ந்தேன். யார் யாரோ தொப்பியும் காலருமாக வந்தார்கள், உள்ளே போனார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஊரில் பதினான்கு பேர் துவைகல் அருகில் நிற்கிறார்கள். நான் இங்கே பலகையில் உட்கார்ந்து மடியில் ஒரு கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

கைப்பையில் என்ன இருந்தது? மஞ்சள் பட்ட சட்டை ஒன்று. ஏன் எடுத்துப் போனேன் என்றால், ஆத்திரத்தில்தான். இவ்வளவு பெரிய மிஷின் செய்கிறார்களே, இதைப் போக்குவார்களா பார்க்கலாம் என்று ஒரு வீம்பு.

கோட்டு இல்லாமல், சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, கையில் எண்ணெயோடு ஒரு கிழவர் அந்தப் பக்கம் வந்தார். வேலைக்காரத் துரை என்று பார்த்ததும் தெரிந்தது. அவர் கையும் என் கை மாதிரியே வெந்த கை. எழுந்து குறுக்கே நின்றேன். சட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே விரித்தேன்.

"நான் டோபி. மலாயா டோபி. இந்தக் கறை, உங்க மிஷின் எடுக்குமா?"

அவர் கறையைத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். "இது என்ன?" என்றார்.

"முதல்ல போடுங்க. அப்புறம் சொல்றேன்."

காவலன் ஓடி வந்தான். அவர் கையை உயர்த்தி அவனை நிறுத்திவிட்டு, என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். வீடு அளவுக்கு ஒரு பித்தளைப் பீப்பாய். தண்ணீர், சவுக்காரம், சோடா. சுற்றியது. எடுத்தார்கள். சிவந்திருந்தது. இன்னும் சூடு ஏற்றினார்கள். இன்னும் சிவந்தது. ஒருவர் போய் இருவர், இருவர் போய் ஐவர் கூடிவிட்டார்கள். காலர் வைத்த முதலாளியும் வந்தார். கடைசியில் ஒரு மருந்தை ஊற்றினார்கள். கறை மங்கியது. முதலாளி முகம் மலர்ந்தது. நான் அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். சட்டை டர் என்று கிழிந்தது.

"கறை போச்சு துரை. சட்டையும் போச்சு" என்றேன்.

கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என்னை உட்கார வைத்துப் பேசினார்கள். என் ஊர்த் துணியில் மஞ்சள் இருக்கும், எண்ணெய் இருக்கும், வேர்வை இருக்கும். வெளுக்கும் மருந்தும் உலர்த்தும் அறையும் எனக்கு வேண்டாம், அதற்கு எங்களிடம் வெயில் இருக்கிறது. பீப்பாயும் பிழியும் உருளையும் மட்டும் கொடுங்கள் என்றேன். அந்தக் கிழவர் முதலாளியின் தகப்பனாராம். இந்த ஆளுக்கு விற்கலாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னார். முடிந்தது. என் துத்துப் கோட்டைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது கேளுங்கள் அநியாயத்தை. நான் திரும்பி வருகிறேன். கோலாலம்பூர் ஸ்டேஷனில் மறுபடியும் மாலை. கிராணியார் கூட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார்: "ஒழுங்கா உடுத்திக்கொண்டு போனபடியாத்தான் மெசின் கிடைச்சது. லிஸ்டு என்னட்டத்தான் இருக்குது. ஆருக்கும் வேணுமெண்டா வந்து கேளுங்கோ."

"ஐயா! உங்க லிஸ்டுல ஒரு சாமான்கூட சீமையில நான் போடல!" என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்டது? வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து காட்டினேன். நான் போட்ட மடிப்பு அப்படியே இருந்தது. கறையோடு. அதைப் பார்த்து என் அக்கா சாமியை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தியாடா தம்பி! மஞ்சள் பட்ட சட்டையக் காட்டித்தானே உள்ள விட்டான்னு சொன்ன? நான் தொட்டு வெக்கலன்னா அந்தப் பலகையிலயே உக்காந்து கெடந்திருப்ப."

யோசித்து யோசித்துப் பார்த்தாலும் அவள் கணக்கு சரியாகத்தான் வந்தது. அதனால்தான் அன்றைக்கு அவளிடம் அப்படி எரிந்து விழுந்தேன். அவள் அழவில்லை. கிள்ளான் ரயிலைப் பிடித்துப் போய்விட்டாள்.

ஆறு மாதம் கழித்து மிஷின் வந்து இறங்கியது. அந்த டவுனில் ஒரு தமிழன் கொட்டகையில் முதன்முதலாக. வெள்ளைக்காரக் கம்பெனி பிறகு வந்தது, இரண்டு வருஷத்தில் மூடிக்கொண்டு போனது. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும், இப்போது வேண்டாம். மிஷினை ஓட்டுகிற நாளுக்கு அக்காவை அழைக்கவில்லை. தானாகவே வந்தாள். என்னிடம் பேசவில்லை. கற்பூரம் காட்டினாள், தேங்காய் உடைத்தாள். நான் கிளப்பு மேனேஜரிடம் பேசிக்கொண்டிருந்தேன். நூற்றைம்பது வெள்ளை மேசைவிரிப்பு. உள்ளே போட்டு, சவுக்காரம் போட்டு, மூடிச் சுற்றவிட்டோம். அரைமணி நேரம் கழித்துத் திறந்தேன்.

அத்தனையும் ரோஜாப்பூ நிறம்.

பீப்பாயின் உள்பக்கம் குனிந்து பார்த்தேன். கை எட்டும் தூரம் வரைக்கும் வரிசையாக விரல் தடம். திரும்பினேன். அக்கா சம்புடத்தை முந்தானையில் மூடிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வெளியில மட்டும் தொட்டா உள்ள யாருடா பாத்துக்குவா?" என்றாள்.

நான் போட்ட சத்தம் ரயில்வே லைன் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். பதினான்கு பேரும் ஆற்றங்கரை நெடுகக் கயிறு கட்டி நூற்றைம்பது விரிப்பையும் காயப்போட்டோம். நல்ல வெயில். அவள்தான் ஒரு நுனியைப் பிடித்தாள், இன்னொரு நுனியை நான் பிடித்தேன். அந்த நேரம் பார்த்துக் கிராணியார் குடையோடு வந்து நின்றார்.

"என்ன காணும், சீமை மெசின் துணிக்குச் சாயமும் போடுதோ?"

அவர் கையில் ஒரு மூட்டை இருந்தது. அந்த வாரத்து அழுக்குத் துணி. வாங்கி வைத்தேன்.